கண் தெரியும், நிலம் தெரியாது

சட்டைப்பையில் பேனா வைத்திருந்த அதிகாரிகளையே சமாளிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த மொரப்பூர்ப் பக்கத்து விவசாயிகளிடம், சட்டைப்பையில் சினிமாக் கொட்டகையே வைத்திருக்கும் அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் பிரபாகர். பதவி தனி வட்டாட்சியர். 'நிலம் நாடி வரும் திட்டம்' என்ற ஒன்றுக்காகவே தனியாக நியமிக்கப்பட்டவர் என்பதால் அந்தத் 'தனி'. திட்டம் முடிந்தால் பதவியும் முடிந்துவிடும். ஆகவே திட்டம் முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் அவருக்கு இருந்தது.

திட்டத்தின் உயிர்நாடி ஒரு புரொஜெக்டர். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அரசாணையில் அதற்குக் 'கையடக்க ஒளிவீழ்த்தி' என்று பெயர். வீழ்த்தி என்ற சொல்லைக் கேட்டதுமே ஜனங்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள், அது நியாயமான ஜாக்கிரதைதான் என்பது பிறகு தெரிந்தது. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் நூற்றைம்பது அங்குலப் படம், இரண்டரை மணி நேர பேட்டரி, உள்ளேயே ஸ்பீக்கர் என்றெல்லாம் போட்டிருந்தது. பெட்டியின் மேல் இருந்த படத்தில் ஒரு குடும்பம் பட்டப்பகலில் சோபாவில் சாய்ந்துகொண்டு சுவர் முழுக்கப் புலி பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து யாரும் விசாரிக்கவில்லை.

நடைமுறை மிக எளிது. பட்டா மாறுதல் கேட்டவரைக் கூப்பிடுவார்கள். அவருடைய நிலத்தின் புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தை, சுவரில் அடிப்பார்கள். 'உங்கள் நிலம் தெரிகிறதா?' என்று வட்டாட்சியர் கேட்பார். 'தெரிகிறது' என்று சொன்னால் அந்த இடத்திலேயே உத்தரவு. மூன்று விசாரணையிலும் தெரியவில்லை என்றால் அந்த நிலம் 'உரிமையாளர் அறியாத நிலம்' என்ற பட்டியலில் ஏறி அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போய்விடும். தன் நிலம் தனக்கே தெரியாதவனுக்கு நிலம் எதற்கு என்பது அரசாணையின் கேள்வி. கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது.

புங்கம்பள்ளத்துச் சென்னப்பனுக்கு ஒரு ஏக்கர் நாற்பத்தாறு சென்ட் மேட்டுக் கொல்லை இருந்தது. அப்பா பெரியண்ணன் பெயரில் இருந்த நிலம். அப்பா இறந்து நாலு வருஷமாக மனு கொடுத்தும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. அதில் ராகியும் அவரைக்காயும் போட்டு, ஓரத்தில் நாலு மாமரத்தை வைத்துக்கொண்டு, சென்னப்பனும் மனைவி சுகுணாவும் பிழைத்துவந்தார்கள். அந்தக் கொல்லையைத் தவிர உலகத்தில் அவர்களுக்கு என்று எழுதப்பட்டது ரேஷன் கார்டு ஒன்றுதான். ஐம்பத்து நாலு வயதில் சென்னப்பனுக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த நிலம் அவருக்குத் தெரியாது என்று சொல்ல நாய்கூடத் துணியாது. கண்ணைக் கட்டி நடுக்கொல்லையில் விட்டால், காலில் இடறும் கல்லை வைத்தே எந்த மூலை என்று சொல்லிவிடுவார்.

முதல் விசாரணை சித்திரை மாதத்தில் காலை பதினொரு மணிக்கு ஊர் சமுதாயக்கூடத்தில் நடந்தது. பிரபாகர் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கை தட்டியது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தூக்கிக் காட்டினால் தட்டுவது பழக்கம்.

அவர் பேசினார். "முன்னாடியெல்லாம் அதிகாரி நிலத்தைத் தேடிப் போனார். வெயில். முள்ளு. நாய் வேற. இருபத்தி மூணு வருஷ சர்வீஸ்ல நான் ரெண்டு தடவ வயல்ல இறங்கியிருக்கேன், ரெண்டு தடவயும் வழுக்கி விழுந்தேன். இனிமே அந்தக் கஷ்டம் மக்களுக்கு இல்ல. நிலமே அதிகாரியைத் தேடி வரும். ஒரு வட்டமே என் சட்டைப்பைக்குள்ள அடங்கிப்போச்சு."

கடைசி வாக்கியத்துக்குக் கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் புதுமை ஒன்றும் அவர்களுக்குப் படவில்லை.

நில அளவர் ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு இந்த வட்டாரத்துக் கொல்லைகளில் நடந்தவர். எந்தக் கல் எந்தப் புதருக்குள் இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். புதிய திட்டத்தில் அவருடைய பணி, சுவர் அழுக்காக இருக்கும் இடங்களில் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தட்டச்சர் கவிப்பிரியா லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருந்தார். விசாரணையில் வாய்விட்டுச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு. அந்தப் பெண் உத்தரவை மீறாதவர்.

முதலில் பக்கத்துக் கொல்லைக்காரர் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்தியும் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக வெயில் தாராளமாக வந்துகொண்டிருந்தது. நிலம் தெரிகிறதா என்று பிரபாகர் கேட்டார். தீர்த்தகிரி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, பேஷாத் தெரியுதுங்க என்றார். அவருக்குப் பட்டா ஆயிற்று. தீர்த்தகிரி அப்படித்தான். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரிடமும் உங்களுக்குத்தான் என்பார். பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. யாரையும் மனம் நோகவிடமாட்டார், அவ்வளவுதான்.

அடுத்து சென்னப்பன். அவர் சுவரைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவருக்கு உண்மையை மட்டுமே பேசும் வியாதி இருந்தது.

"தெரியலீங்க," என்றார்.

பிரபாகர் திரும்பவும் கேட்டார். சென்னப்பன் திரும்பவும் தெரியலீங்க என்றார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பதும், அரசாங்கம் எப்போதும் இரண்டில் நமக்கு ஆகாத பொருளையே எடுத்துக்கொள்ளும் என்பதும் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சுவரில் என்னதான் தெரிகிறது என்று வட்டாட்சியர் எரிச்சலோடு கேட்டார். சுவரின் வடகிழக்கு மூலையில் ஒரு பல்லி இருந்தது. அந்தச் சுவரில் பார்ப்பதற்கு என்று இருந்தது அது ஒன்றுதான். சென்னப்பன் அதையும் மறைக்காமல் சொன்னார்.

"வடகிழக்கு மூலையில ஒரு பல்லி தெரியுதுங்க."

கவிப்பிரியா அந்தச் சொல்லை லேப்டாப்பில் அடித்தார். சென்னப்பன் பணிவாக ஒரு யோசனை சொன்னார். ரோட்டைத் தாண்டினால் எதிரிலேயே கொல்லை, நூறு அடிகூட இருக்காது, சார் ஒரு நடை வந்தால் நாலு மூலையையும் காட்டிவிடுவேன் என்றார். பிரபாகர் சிரித்தார். அறியாதவர்களிடம் காட்டும் பொறுமையோடு சொன்னார்.

"நிலத்தை நேர்ல பார்த்துட்டா அப்புறம் திட்டம் எதுக்குங்க?"

பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. எழுத்து தெரிந்தாலும் சர்க்கார் தமிழ் சென்னப்பனுக்குப் பிடிபடாது, சுகுணா எட்டாம் வகுப்புவரை படித்தவர். வாசித்துக் காட்டினார். முதல் விசாரணையில் மனுதாரர் தமது நிலம் தமக்குத் தெரியவில்லை என இருமுறை ஒப்புக்கொண்டார். மேலும் அந்நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பள்ளி இருப்பதாக அவரே வாக்குமூலம் அளித்துள்ளார். விவசாய நிலத்தில் பள்ளி இயங்குவது குறித்தும், அதற்கு அனுமதி பெறப்பட்டதா என்பது குறித்தும் விளக்கம் தர வேண்டும்.

சுகுணா கடிதத்தை மடித்தார். "நம்ம கொல்லையில எப்பங்க பள்ளிக்கூடம் கட்டுனீங்க? எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"நான் பல்லின்னுதான் சொன்னேன்."

"நீங்க சொன்னது எனக்குத் தெரியும். உங்க நாக்குல ரெண்டும் ஒண்ணாத்தான வரும். அந்தப் புள்ள என்ன பண்ணும்?"

சென்னப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிலம் போய்விடும் என்ற பயம் அவருக்கு அப்போதுதான் வந்தது. வெள்ளாமை போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், மழை போனால் வானத்தைத் திட்டலாம். ஒரு எழுத்தால் நிலம் போகும் என்றால் யாரைத் திட்டுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

பள்ளி இல்லை என்பதற்குப் பள்ளித் துறையிடமிருந்தே சான்று வேண்டும் என்றார்கள். ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை சகாயமேரியிடம் போனார். அந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, மிகவும் கண்டிப்பான முகத்தோடு ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். 'எங்கள் பள்ளி எங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. இது இதுவரை எங்கும் போனதில்லை. பல வருடங்களாகக் கேட்டும் இதற்குக் கழிப்பறையே வரவில்லை என்ற நிலையில், புதிதாக ஒரு பள்ளி யாருக்கும் தெரியாமல் வந்திருக்க வாய்ப்பில்லை என்று சான்றளிக்கிறேன்.' முத்திரையும் வைத்தார்.

அத்தோடு விடவில்லை. நிலம் தெரியாததற்குக் காரணம் கண் கோளாறாக இருக்கலாம், அப்படியானால் அனுதாபத்தோடு பரிசீலிக்கலாம், கண் மருத்துவரின் சான்று கொண்டுவருக என்று இன்னொரு தபால். சென்னப்பன் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை கடகடவென்று வாசித்தார். இந்த வயசில் இப்படியொரு கண்ணைத் தான் பார்த்ததில்லை என்று மருத்துவர் மெச்சினார். சென்னப்பனுக்கு நாலு வருஷத்தில் முதல்முறையாக யாரோ பாஸ் போட்டது சந்தோஷமாக இருந்தது. 'இவருக்குக் கண் மிக நன்றாகத் தெரியும்' என்ற சான்றைக் கசங்காமல் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார்.

அது கோப்பில் இப்படி ஏறியது: 'மனுதாரருக்குக் கண் தெரிகிறது. ஆகவே நிலம் தெரியாததற்குக் கண் காரணமல்ல. கண் தெரிந்தும் நிலம் தெரியாதவர் என்பது மருத்துவரீதியாக உறுதிசெய்யப்பட்டது.' அனுதாபம் ரத்தாயிற்று.

இதற்கிடையில் பிரபாகருக்கும் கஷ்டகாலம்தான். மாவட்டம் முழுக்கத் 'தெரியலீங்க' ஆசாமிகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். கருவிக்கு இருட்டு போதவில்லை என்று ஆரோக்கியராஜ் மெல்லச் சொல்லிப் பார்த்தார். உடனே ஒரு ஆய்வுக் கூட்டம் கூடியது. அதில் பிரபாகர் பேசியது அந்தத் துறையில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

"இது இருட்டுல மட்டும்தான் வேலை செய்யுதுன்னு ஒரு குறை சொல்றாங்க. நான் கேக்கறேன், நம்ம துறை எந்தக் காலத்துல வெளிச்சத்துல வேலை செஞ்சது? கருவியில குறை இல்ல. சூரியன்லதான் கட்டுப்பாடு இல்ல. மக்கள் வெயிலுக்குப் பழகிட்டாங்க. அவங்கள இருட்டுக்குப் பழக்கறதுதான் நம்ம முதல் வேலை."

கூட்டம் ஏகமனதாக இருட்டைத் தேட முடிவு செய்தது. ஒவ்வொரு ஊரிலும் இருட்டான அரசுக் கட்டடங்களைக் கணக்கெடுத்து அனுப்பும்படி சுற்றறிக்கை போயிற்று. எல்லாக் கட்டடங்களும் பட்டியலில் வந்தன, ஆனால் அவை இருண்டிருந்தது கரண்ட் இல்லாததால் இரவில் மட்டுமே, ஜன்னல் பலகைகள் எப்போதோ போய்விட்டிருந்ததால் பகலில் வெயில் தாராளமாக உள்ளே வந்தது. கடைசியில் தனியார் புளிக் கிடங்கு ஒன்று அகப்பட்டது. புளியைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கு. ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளங்கை தெரியாது. தருமபுரி மாவட்டத்திலேயே இதைவிடத் தரமான இருட்டு இல்லை என்று பிரபாகர் குறிப்பு எழுதினார்.

இரண்டாவது விசாரணை அங்கே. சென்னப்பன் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார். உள்ளே புளி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வாடை மூக்கில் ஏறியதும் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறியது. பிரபாகர் வரவேற்புரை நிகழ்த்த எழுந்தார். நாலு சொல்லுக்கு ஒருமுறை விழுங்க வேண்டியிருந்தது. திட்டத்தின் சாதனைகளை அவர் சொல்லச் சொல்ல, அதிகாரிகள் அனைவரும் எச்சில் விழுங்கிக்கொண்டே கேட்டார்கள்.

கருவியைப் புளி மூட்டையின் மேல் சாய்த்து வைத்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். சுவர் முழுக்க நீலக் கோட்டில் நிலம் எழுந்து நின்றது.

இதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கருவியின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்த இரண்டு நிமிஷம் அது அழகாகத்தான் இருந்தது. சென்னப்பன் தன் நிலத்தை முழுசாக ஒரே பார்வையில் அதுவரை பார்த்ததில்லை. நிலத்துக்குள்ளேயே நிற்கிறவனுக்கு அது கிடைக்காது. நாலு மூலைக் கற்களும் புள்ளி புள்ளியாக நின்றன. கிணறு ஒரு சிறிய வட்டம். மேலே, அச்சடித்த எழுத்தில், பெரியண்ணன் என்று அப்பாவின் பெயர். ஆள் உயரத்துக்கு அவ்வளவு பெரிதாக அப்பாவின் பெயரை அவர் எங்கும் கண்டதில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"எங்க அப்பா பேரு தெரியுதுங்க."

'மனுதாரருக்குத் தகப்பன் பெயர் தெரியும்' என்று கவிப்பிரியா அடித்தார். நிலம் தெரிகிறதா, அதைச் சொல்லுங்கள் என்றார் பிரபாகர். சென்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். கருவி சாய்ந்திருந்ததால் படம் ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகி விழுந்திருந்தது. அகன்ற பக்கம், எல்லையை ஒட்டிய தீர்த்தகிரியுடையது. தன்னுடையது ஒட்டிப்போய் இருந்தது. தெரிகிறது என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். வியாதி விடவில்லை.

நம்முதுதாங்க, ஆனா ஒரு பக்கம் இளைச்ச மாதிரி இருக்குது என்றார்.

பிரபாகருக்கு அறிவியல் தெரியும். குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும், நிலமும் ஒரு பொருள்தான் என்று விளக்கினார். அப்படியானால் தீர்த்தகிரியுடையது மட்டும் எப்படிப் பெருத்தது என்று சென்னப்பன் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. சுருங்கிய அளவையும் பெருத்த அளவையும் சுவரிலேயே டேப் வைத்து அளந்து ஒப்பிட வட்டாட்சியர் உத்தரவிட்டார். இருபது வருஷம் மண்ணை அளந்த ஆரோக்கியராஜ் சுவர் ஏறினார். அவர் முதுகில் நிலம் விழுந்தது. முதுகோடு சேர்த்து அளக்கலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, குளிரில் லென்ஸ் மேல் பனி பூத்து, படம் மெல்ல மெல்லப் புளிச்சாறு மாதிரி கலங்கியது. துடைத்தார்கள். திரும்பவும் பூத்தது. நீலக்கோடு, கிணறு, அப்பா பெயர் எல்லாம் கரைந்துபோயின.

இப்போது தெரிகிறதா என்று பிரபாகர் விடாமல் கேட்டார்.

"இப்பத் தெரியலீங்க."

'முதலில் தெரிந்தது போலக் காட்டிப் பின்பு தெரியாது என மாற்றிக் கூறினார். முன்னுக்குப்பின் முரண்.' இரண்டாவது விசாரணை முடிந்தது.

வெளியே வந்ததும் ஆரோக்கியராஜ் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டே சென்னப்பன் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த தடவை எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தெரியுதுன்னு சொல்லிடுங்கண்ணா என்றார். அது பொய்யாச்சே என்றார் சென்னப்பன். ஆரோக்கியராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படிப் புத்தி சொல்வது என்று அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

மூன்றாவது விசாரணைக்குக் கிடங்கு கிடைக்கவில்லை. உள்ளே வந்துபோனவர்களின் உடம்புச் சூட்டில் புளி கறுத்துவிட்டதாகக் கிடங்குக்காரர் மறுத்துவிட்டார். அப்போதுதான் பிரபாகர் தன் வாழ்நாளின் பெரிய யோசனையைக் கண்டார். இருட்டைத் தேடி ஏன் போக வேண்டும், இருட்டைக் கையோடு கொண்டுபோனால் என்ன? கறுப்புத் தார்ப்பாயில் ஒரு கொட்டகை தைத்தார்கள். அதற்கு 'நடமாடும் இருளகம்' என்று பெயர் வைத்தார்கள். சட்டைப்பைக் கருவி இப்போது ஒரு லாரியில் வந்தது.

வைகாசி மாதக் கடைசி. காலையில் சென்னப்பனும் சுகுணாவும் விசாரணைக்குக் கிளம்பிப் போகும்போது, அந்த லாரி அவர்களுடைய கொல்லையிலேயே நின்றது. ராகி அறுத்துவிட்ட வெறும் நிலத்தில், கிணற்றடியை ஒட்டி, யானை படுத்த மாதிரி கறுப்புக் கொட்டகை எழும்பியிருந்தது. பந்தல்காரர்கள் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னாங்க இது என்று சென்னப்பன் கேட்டதற்கு, ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் சமதளமாக இருப்பது இது ஒன்றுதான். உரிமையாளர் அறியாத நிலம் என்று நிலுவையில் இருப்பதால் அனுமதி கேட்கவும் ஆளில்லை. சௌகரியமான இடம் என்று வட்டாட்சியரே கைகாட்டினாராம், காரிலிருந்து.

"நம்ம கொல்லைதான, நாமளே ஓரமா நிக்கறதா?" என்றார் சுகுணா.

பெயரைக் கூப்பிடும்வரை வெளியாட்கள் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். கயிற்றின் ஒரு முனையை அவருடைய மாமரத்தில் கட்டினார்கள்.

சென்னப்பனின் எண் இருபத்தேழு. வெயில் ஏற ஏறக் கொட்டகைக்குள் போனவர்கள் நனைந்து வெளியே வந்தார்கள். போன வேகத்தில் தெரியுதுங்க, தெரியுதுங்க என்று சொல்லி உயிரோடு திரும்பினார்கள். சுகுணா புருஷனின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இது கடைசி. இன்னைக்கு மட்டும் உண்மை பேசாதீங்க என்று சொன்னார். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவர் கேட்ட ஒரே வரம் அது. சென்னப்பன் தலையை ஆட்டினார். சொல்லிவிடுவதென்று முடிவே செய்துவிட்டார்.

உள்ளே ஒரே இருட்டு. தார்ப்பாய்ச் சூடும் வியர்வை நெடியும் மூச்சை அடைத்தன. பிரபாகரின் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. கருவியில் சென்னப்பனின் புலப்படத்தைப் போடப் பொத்தானை அழுத்தினார்கள். அது விர்ரென்று ஒரு சத்தம் போட்டது. சூடு தாங்கவில்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சுவரில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோனது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கருவி எல்லோருக்கும் தெளிவாகக் காட்டியது அந்த வரி ஒன்றைத்தான்.

ஆறவிடுங்கள், யாரும் அசையாதீர்கள் என்றார் பிரபாகர். எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. கவிப்பிரியா மயக்கமாக வருகிறது என்று முனகினார். அந்தப் பெண்ணின் தலை லேப்டாப்பின் மேல் சாய்ந்தது. சென்னப்பன் அதற்குமேல் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கை தடவிப் போய், வட்டாட்சியருக்கு நேர் எதிரில் இருந்த தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து, ஒரு ஆள் உயரத்துக்கு, நாலு முழ அகலத்துக்கு மேலே சுருட்டிக் கட்டினார்.

வெளிச்சம் அறைந்தது. எல்லோரும் கண்ணை மூடித் திறந்தார்கள்.

கறுப்பின் நடுவே நீள்சதுரமாக நிலம் இருந்தது. அறுத்த ராகித் தாள்கள், கல் கட்டிய கிணறு, பச்சையாக நாலு மாமரம், அதன் அடியில் அசைபோடும் மாடு. தூரத்தில் ஜோலார்பேட்டை பக்கமிருந்து வந்த ரயில் ஒன்று கூவிக்கொண்டே தண்டவாளத்தில் ஓடியது.

பிரபாகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் மங்கலாயிற்று. அப்படியே மாட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா. நான் சொன்னேன் இல்ல? கொஞ்சம் ஆறவிட்டா போதும்னு. என்ன கலர், என்ன துல்லியம். மாடு வாயை அசைக்கறதுகூடத் தெரியுது பாருங்க. ஸ்பீக்கரும் வேலை செய்யுது."

கவிப்பிரியா காற்று பட்டுத் தெளிந்து நிமிர்ந்தார். சதுரத்தைப் பார்த்தார். வட்டாட்சியரைப் பார்த்தார். பிறகு ஆரோக்கியராஜைப் பார்த்தார். ஆரோக்கியராஜ் மேசையில் செத்துக்கிடந்த கருவியை எடுத்து, அதன் முகம் திறந்த பக்கத்தைப் பார்க்கும்படி மரியாதையாகத் திருப்பிவைத்தார்.

"எழுதும்மா," என்றார்.

பிரபாகர் நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் நிலம் தெரிகிறதா என்று முறைப்படி கேட்டார். சென்னப்பன் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவைத்திருந்த பொய் வாய்வரை வந்து, தேவையில்லாமல் திரும்பிப்போயிற்று. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியுதுங்க," என்றார். "நல்லாத் தெரியுதுங்க. அது கெணறு. அப்பா வெட்டுனது. மாமரத்துக்கு இந்தாண்ட மொதக் கல்லு, ஆவாரஞ்செடிக்குள்ள ரெண்டாவது. இருங்க, மூணாவதக் காட்டறேன்."

சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து திறப்பு வழியாக வெளியே போனார். வெறுங்காலோடு தாள்களை மிதித்துக்கொண்டு நடந்து, கிழக்கு வரப்பருகே மண்டியிருந்த புல்லைக் கையால் விலக்கி, எல்லைக்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுகுணா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள்ளிருந்து தனி வட்டாட்சியரின் குரல் வந்தது.

"சென்னப்பன், திரைக்கு முன்னாடி நிக்காதீங்க. தள்ளிக்கங்க. நிலம் மறையுது."

சென்னப்பன் கல்லிலிருந்து கையை எடுத்தார். வரப்பைத் தாண்டி, தீர்த்தகிரியின் கொல்லைக்குள் இரண்டடி போய் நின்றார். அவர் தன் நிலத்தைவிட்டு வெளியேறியதும் திரை தெளிவாயிற்று. அந்த நிலம் அவருக்கே சொந்தம் என்று உத்தரவாயிற்று.